அயர்லாந்துத் தாத்தா, பேரில்லாத பாட்டி

சென்னையில் வாடகைக்கு வீடு தேடிய சேரிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். வாடகை எவ்வளவு என்று நாம் கேட்பதற்கு முன்னால் அவர்கள் கேட்டுவிடுவார்கள், “எந்த ஊரு?” ஊரைச் சொன்னால், “அங்க எந்தத் தெரு?” அதையும் சமாளித்துவிட்டால், “கவிச்சி சாப்பிடுவீங்களா?” எங்கள் ஊரில் எங்களுக்குத் தெரு கிடையாது. மதுராந்தகத்துக்குப் பக்கத்தில், ஏரிக்கரைக்கு அந்தாண்டை காலனி. அதைச் சொல்லாமல் சமாளிக்க எனக்கு வரவில்லை. 11 வீடு பார்த்தேன். 11ஆவது வீட்டில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மறுநாள் திருப்பிக் கொடுத்தார்கள். ஊரிலிருந்து மச்சினர் குடிவரப் போகிறாராம்.

12ஆவது வீடு பரங்கிமலையில். வீட்டுக்காரர் ஓர் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. 78 வயது. தென்னக ரயில்வேயில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார், ஒரே மகன் மெல்பர்னில். ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “தண்ணி கீழருந்து தூக்கணும், மாடி ஏறுவியா கேர்ள்?” முதல் ஞாயிற்றுக்கிழமையே மஞ்சச் சோறும் மாட்டுக்கறி உருண்டைக் குழம்பும் மாடிக்கு வந்தது. தட்டை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

அடுத்த மாதம் அம்மா பார்க்க வந்தாள். ஆன்ட்டியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, மாடிக்கு வந்ததும் கேட்டாள்: “ஏம்மே, அந்தம்மா வெள்ளக்காரின்ற. எங்க பெரியாயா ஜாடையா கீதே?” நான் சிரித்துவிட்டேன். ஆன்ட்டி காதில் விழப்போகுது, சும்மா இரும்மா என்றேன்.

ஆன்ட்டி வீட்டு ஹாலில் கண்ணாடி போட்ட தாள் ஒன்று தொங்குகிறது. 1965இல் ஆஸ்திரேலியா போன அவருடைய அண்ணன் டைப் அடித்த வம்சாவளி. அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவில் வெள்ளையர் மட்டும் என்ற கொள்கை நடப்பில் இருந்தது. உள்ளே போக நினைத்த ஆங்கிலோ இந்தியர்கள் தங்களுக்குள் ஓடுவது பெரும்பாலும் ஐரோப்பிய ரத்தம் என்று காட்ட வேண்டியிருந்தது. அதற்காகத் தயாரான தாள் அது. அதன்படி ஆன்ட்டியின் எள்ளுத்தாத்தா அயர்லாந்துக்காரர், மதராஸ் பீரங்கிப் படையில் சிப்பாய். எள்ளுப்பாட்டி “பாண்டிச்சேரியைச் சேர்ந்த பிரெஞ்சுப் பெண்மணி”.

இந்தத் தாளுக்குத்தான் சோதனை வந்தது. மெல்பர்ன் மகன் எச்சிலைக் குப்பியில் அனுப்பி டிஎன்ஏ பரிசோதனை செய்துகொண்டார். அயர்லாந்து வந்தது. தென்னிந்தியா தாராளமாக வந்தது. பிரெஞ்சு மட்டும் வரவில்லை. “மம்மி, ஃப்ரெஞ்ச் எங்க?” என்று போனில் கேட்டிருக்கிறார். ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டார்.

“நீ தமிழ் எம்.ஏ. தானே, பழசெல்லாம் படிப்பியே. எனக்குக் கண்ணு சரியில்ல. வா, சேர்ந்து தேடலாம்.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு இஷ்டமே இல்லை. நம் பாட்டன் பூட்டன் பேரே நமக்குத் தெரியாது, இதில் வெள்ளைக்காரன் வம்சத்தை நான் எதுக்குத் தேடணும் என்றுதான் நினைத்தேன். வீடு கொடுத்தவர் கேட்கிறாரே என்று உட்கார்ந்தேன்.

மகன் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலிருந்து ஒரு பக்கத்தின் நகல் எடுத்து அனுப்பியிருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி பட்டாளத்துக்கு ஆள் எடுத்த பதிவேடு. பெயர், வயது, உயரம், பிறந்த பங்கு, கவுண்ட்டி, தொழில், ஏறிய கப்பல் என்று கட்டம் கட்டமாக இருந்தது. ஆன்ட்டியின் தாத்தா 1847இல் சேர்ந்திருக்கிறார். வயது 19. கவுண்ட்டி கிளேர், அயர்லாந்தின் மேற்குக் கடலோரம். தொழில் என்ற கட்டத்தில் ஒரே சொல்: கூலி.

அந்தச் சொல்தான் என்னைப் பிடித்து இழுத்தது. ஹாலில் தொங்குகிற தாளில் அவர் சிப்பாய், ஐரோப்பியர், கனவான். பதிவேட்டிலோ கூலி. வரிசையாக மேலும் கீழும் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் கூலி.

1847ஆம் வருடம் அயர்லாந்தில் என்ன நடந்தது என்று படிக்க ஆரம்பித்தேன். அங்கே நிலமில்லாத உழைப்பாளி, விவசாயியின் நிலத்தில் ஒரு மண்குடிசை போட்டுக்கொண்டு, ஒரு துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கு போட்டுச் சாப்பிடுவான். அதற்கு வாடகை அவனுடைய உழைப்பு. நம் பண்ணையாள் முறையைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1845இல் கிழங்கில் அழுகல் நோய் விழுந்தது. 1846இல் மொத்தமும் அழுகியது. விளைந்த தானியமும் கால்நடையும் குத்தகைப் பணத்துக்காகத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 1847 கோடையில் அரசாங்கம் கஞ்சித்தொட்டி திறந்தது. உச்சத்தில் ஒரு நாளைக்கு 30 லட்சம் பேர் அதில் கஞ்சி குடித்தார்கள். சில மாதங்களில் அதையும் மூடிவிட்டார்கள். 1841 கணக்கெடுப்பில் 81 லட்சத்து 75 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை 1851இல் 65 லட்சத்து 52 ஆயிரம். ஏறத்தாழ 10 லட்சம் பேர் செத்தார்கள். 10 லட்சத்துக்கும் மேல் கப்பலேறினார்கள். கிளேர் கவுண்ட்டி மட்டும் 2 லட்சத்து 86 ஆயிரத்திலிருந்து 2 லட்சத்து 12 ஆயிரத்துக்கு இறங்கியது.

கையில் கப்பல் கூலி இருந்தவன் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனான். இல்லாதவனுக்குப் பட்டாளம் இருந்தது. கப்பல் கூலி கம்பெனியுடையது, சோறும் கம்பெனியுடையது. 1830 வாக்கிலேயே பிரிட்டிஷ் படையில் பத்துக்கு நாலு பேர் அயர்லாந்துக்காரர்கள். தன் நாட்டைப் பிடித்து வைத்திருந்தவனுடைய துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு இன்னொருவன் நாட்டைக் காவல் காக்க வந்தார்கள். பசிதான் கூட்டி வந்தது. ஆனால் வந்து இறங்கிய அன்றைக்கே அவன் துரை. கிளேரில் கூலி, பரங்கிமலையில் துரை. இரண்டுக்கும் நடுவில் சில மாதக் கடல் பயணம்.

அந்தப் பஞ்சத்தைக் கையாண்ட இரண்டு பேரை நாம் மறக்கக் கூடாது. ஒருவர் சார்லஸ் ட்ரெவெல்யன். லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்துகொண்டு நிவாரணத்தைக் கட்டுப்படுத்தியவர். பஞ்சம் கடவுள் செய்த ஏற்பாடு என்கிற தோரணையில் 1848இல் எழுதியவர். அவர்தான் 1859இல் மதராஸ் கவர்னராக வந்தார். இன்னொருவர் வில்லியம் கிரிகோரி. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது என்று 1847இல் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தவர். கஞ்சி வேண்டுமானால் நிலத்தை விடு என்பதுதான் அதன் பொருள். விட்டார்கள். விட்ட மறுநாள் குடிசையை இடித்தார்கள். இந்தக் கிரிகோரி 1872 முதல் 1877 வரை இலங்கை கவர்னர். நம் ஜனங்கள் ராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் கண்டிச் சீமைக் காப்பித் தோட்டங்களுக்கு நடந்து போய்க்கொண்டிருந்த காலம். நுவரெலியாவில் ஏரிக்கு அவர் பெயர்தான். இங்கே செய்து பழகியதை அங்கே, அங்கே பழகியதை இங்கே. ஆள்கிறவர்கள் இப்படித்தான் மாற்றலாகிப் போகிறார்கள். கூலிகளும் மாறி மாறிப் போகிறார்கள். இரண்டு பயணத்துக்கும் டிக்கெட் வேறு வேறு.

சிப்பாயின் தாய் தகப்பன் யார் என்று தேடினோம். அயர்லாந்தில் வேர் தேடுகிறவர்களுக்கு ஒரு பெரிய பள்ளம் உண்டு. 1922இல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகள் கிட்டத்தட்ட முழுசாகச் சாம்பல். அதற்குப் பிறகு எடுத்த கணக்குத் தாள்களை அரசாங்கமே அழித்தது, முதல் உலகப்போரில் காகிதக் கூழாக்கியது. 1922க்கு முன்னால் எடுத்ததில் முழுசாகக் கிடைப்பது 1901ம் 1911ம்தான். ஆனால் கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகள் அந்தந்தக் கோயில்களிலேயே இருந்ததால் தப்பித்தன. 2015இல் அயர்லாந்து தேசிய நூலகம் அவற்றின் படங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கும்படி போட்டுவிட்டது. பரங்கிமலை மாடியில் உட்கார்ந்துகொண்டு 1828ஆம் வருடத்து கிளேர் கவுண்ட்டியைப் பக்கம் பக்கமாகத் தள்ளினோம்.

எழுத்து லத்தீன். எனக்குத் தெரியாது. ஆன்ட்டிக்குத் தெரிந்தது. சின்ன வயதில் லத்தீன் பூசை கேட்டு வளர்ந்தவர். நான் பெரிதாக்கிக் காட்டுவேன், அவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசிப்பார். 16 நாள் ஆனது. 17ஆவது நாள் சாயங்காலம் கிடைத்தது. குழந்தையின் பெயர். தகப்பன் பெயர். ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர். தாயின் பெயர். அதோடு தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர்.

அந்தக் கடைசிச் சொல்லை ஆன்ட்டி இரண்டு தடவை வாசித்தார். அயர்லாந்துக் கத்தோலிக்கப் பதிவேடுகளின் வழக்கம் அது, தாயை அவளுடைய பிறந்த வீட்டுப் பெயரோடு எழுதுவார்கள். மண்குடிசைக்காரி, பெரும்பாலும் கையெழுத்துப் போடத் தெரியாதவள். ஆனால் அவள் யார் வீட்டுப் பெண் என்று 200 வருடம் கழித்து இன்னொரு கண்டத்தில் இரண்டு பெண்கள் வாசிக்க முடிகிறது.

அதே ஊரில் 1850களில் எடுத்த நில மதிப்பீட்டையும் பார்த்தோம். கிரிஃபித் மதிப்பீடு என்று சொல்வார்கள். நிலத்தை வைத்திருப்பவன் பெயர், வீடு உண்டா, எத்தனை ஏக்கர், என்ன மதிப்பு எல்லாம் இருக்கும். அந்தக் குடும்பத்தின் பெயர் அந்த ஊரில் ஒரு வரியில்கூட இல்லை. கிளேரின் கில்ரஷ் வட்டாரத்தில் 1847க்குப் பிறகு குடிசை குடிசையாக இடித்தார்கள். ஆர்தர் கென்னடி என்ற அதிகாரி இடித்த கணக்கை எழுதி அனுப்பினார், பாராளுமன்றம் அதை அச்சிட்டது. 1849 டிசம்பரில் லண்டன் படப் பத்திரிகை ஒன்று அந்த வட்டாரத்துப் பெண்ணொருத்தியைப் படமாக வரைந்து, அவள் சொன்னதையும் போட்டது. பிரிஜெட் ஓடனல் என்று பெயர். கணவனுக்கு நாலரை ஏக்கர் குத்தகை. வாடகை பாக்கிக்காக வீட்டை இடித்தார்கள். அவள் கர்ப்பிணி. குழந்தை செத்துப் பிறந்தது. 13 வயது மகன் பசியில் செத்தான். இரண்டு பிள்ளைகளோடு கந்தலில் நிற்கிற அந்தப் படம் இன்றைக்கும் பாடப் புத்தகங்களில் வருகிறது. அதைச் சாட்சியம் என்றுதான் நான் சொல்வேன். யாரோ ஒருவர் அவளிடம் கேட்டார், அவள் சொன்னாள், பெயரோடு அச்சில் வந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் கஷ்டமும் நம் கஷ்டமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அயர்லாந்துக் கூலிக்குத் தீட்டு கிடையாது. குத்தகைக்காரனும் அவனும் ஒரே கோயிலில், ஒரே அப்பத்தை நாக்கில் வாங்கினார்கள். கப்பல் ஏறிப் போன இடத்தில் அவன் பிறப்பை அவனே மறந்துவிடலாம். நம்முடையது கப்பலிலும் கூட வரும். 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து நட்டாலுக்குப் போன 1,52,184 ஒப்பந்தக் கூலிகளுடைய பட்டியலில் சாதிக்கென்று தனியாக ஒரு கட்டம் இருந்தது. எங்கள் ஆயாவின் பெரியப்பா ஒருவர் மோரீசுக்குப் போனார் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. போனார், அவ்வளவுதான் பேச்சு. அவரை எந்தக் கட்டத்தில் எழுதினார்கள் என்று எனக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி பாட்டி.

கல்யாணப் பதிவேடு பரங்கிமலையிலேயே இருந்தது. வருடம் 1853. அன்றைக்கு மதராஸ் கத்தோலிக்க ஆயரே அயர்லாந்துக்காரர். ஜான் ஃபென்னலி, 1841 முதல் 1868 வரை. எழுதிய சாமியாரும் அந்த ஊர்க்காரராக இருந்திருக்கலாம். மாப்பிள்ளையைப் பற்றி அக்கறையாக எழுதியிருக்கிறார். பெயர், படைப்பிரிவு, தகப்பன் பெயர், கிளேர் கவுண்ட்டி, பங்கு எல்லாம். பெண்ணுக்கு ஒரு பெயர். ஞானஸ்நானத்தின்போது கொடுக்கிற பெயர், அந்தப் பக்கத்தில் பாதிப் பெண்களுக்கு அதே பெயர். பக்கத்தில் “நேட்டிவ்” என்று ஒரு சொல். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. வசிப்பிடம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் கோணல் எழுத்தாக ஒரு ஊர்.

“இதோ பார், பாண்டிச்சேரி!” என்றார் ஆன்ட்டி. முகமெல்லாம் சந்தோஷம்.

நான் குனிந்து பார்த்தேன். முதல் எழுத்து சரி. கடைசியில் செரி என்று முடிவதும் சரி. நடுவில் வேறு. எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். பேட்செரி. பட்செரி. பச்செரி. இரண்டு மூன்று தடவை வாய்விட்டுச் சொன்னேன். சொல்லச் சொல்ல எங்கள் ஆயா குரல் கேட்டது. எங்கள் பக்கத்துக் கிழவிகள் வேகமாகப் பேசும்போது அந்தச் சொல் வாயில் அப்படித்தான் விழும்.

அங்கே ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நூலகத்துக்குப் போனேன். 1886இல் யூலும் பர்னெலும் போட்ட ஆப்சன் ஜாப்சன் அகராதி. பர்னெல் மதராஸ் மாகாணத்தில் நீதிபதியாக இருந்தவர், தமிழ் தெரிந்தவர். அந்தச் சொல் அதில் இருந்தது. கல்யாணமான வெள்ளைச் சிப்பாய்கள் குடியிருந்த குடிசைகளுக்கு வங்காளத்தில் பட்டாளத்துக்காரர்கள் சொன்ன பெயர் அது, மதராஸிலிருந்து போன சொல்லாக இருக்க வேண்டும், மூலம் தமிழ், பறச்சேரி.

நூலகத்தில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. சிப்பாய் குடித்தனம் நடத்தும் இடத்துக்கு வெள்ளைக்காரன் வாயில் பெயரே நம் சேரியுடைய பெயர். அந்த அடுப்புகளை எரித்தவர்கள் யார், அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் யார் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஒரு சொல்லை வைத்துச் சாதி சொல்லிவிடலாமா என்று கேட்பீர்கள். பட்டாளக் குடியிருப்பு என்ற பொருளிலும் சாமியார் எழுதியிருக்கலாம்தான். ஆனால் இது கல்யாணத்துக்கு முன் அவள் இருந்த இடம். நேட்டிவ் என்றும் இருக்கிறது. தகப்பன் பெயரைக் கேட்டு எழுதவேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. இந்த மூன்றும் ஒன்றாக எங்கே வரும் என்று நமக்குத் தெரியாதா?

இப்போது என்ன செய்வது? நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. ஒரு தோழர், “சொல்லிடு. சாதியை மறைக்கிறதுக்குத் துணை போகாதே” என்றார். சொல்வது அவருக்கு சுலபம். சொன்னால் வீடு போகுமோ என்ற பயம் எனக்கு. அதைவிட இன்னொரு பயம். இதுவரை என்னிடம் ஊர் கேட்காத, தெரு கேட்காத ஒரே மனுஷி. சொன்ன பிறகு அவர் முகம் மாறிவிட்டால்? 11 வீட்டுக்காரர்கள் முகம் மாறியதைப் பார்த்தவள் நான். இந்த முகத்தையும் அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அப்புறம் ஒன்று உறைத்தது. சொல்லாமல் இருந்தால் நானும் 1965ஆம் வருடத்து அண்ணன்தான். அவருக்காவது ஒரு நாட்டின் சட்டம் பயமுறுத்தியது.

அகராதிப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். ஆன்ட்டி பூதக்கண்ணாடி வைத்து வாசித்தார். “பறச்சேரின்னா...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். அவருக்குத் தெரியும். சின்ன வயதில் அவர்கள் வீட்டில் வேலை செய்த ஆயா அங்கிருந்துதான் வருவாளாம். அந்த ஆயாவுக்குத் தட்டு தனியாம். “சரி, நீ போ கேர்ள்” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடிக்குச் சாப்பாடு வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. வாடகையை வாங்கிக்கொண்டார், பேசவில்லை. நான் 13ஆவது வீடு தேட ஆரம்பித்தேன்.

இந்த நாட்களில் வேர் தேடுவதைப் பற்றி நிறைய யோசித்தேன். அயர்லாந்துக்குப் போகிற வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளுக்குக் கடைகளில் குடும்பச் சின்னம், கேடயம் எல்லாம் விற்கிறார்களாம், எல்லோரும் ராஜ வம்சம் போல. பதிவேட்டைத் திறந்தால் கூலி என்று இருக்கிறது. நம்மிடமும் அந்த வியாதி வந்துகொண்டிருக்கிறது. நாங்களும் ஆண்ட பரம்பரைதான் என்று போஸ்டர் ஒட்டுகிறோம். ஆண்டிருந்தால்தான் மதிப்பா? கூலியாக இருந்தவளைப் பாட்டி என்று சொல்ல நமக்கே கூச்சமா?

ஆனால் அயர்லாந்துக்காரர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. 1824இல் தொடங்கிய நில அளவையில் அவர்களுடைய 60,000க்கும் மேற்பட்ட சிற்றூர்களின் பெயர்களை ஆங்கிலத்துக்கு ஏற்றபடி முறுக்கி எழுதினார்கள். பறச்சேரியைப் பட்செரி ஆக்கிய அதே ஆட்சியின் கைதான். இன்றைக்கு அந்தப் பழைய பெயர்களை ஆராய்ந்து மீட்பதற்கென்றே அரசாங்கத்தில் ஒரு பிரிவு வேலை செய்கிறது. ஃபோர் கோர்ட்ஸில் எரிந்த காப்பகத்தைக்கூட, உலகத்தில் எங்கெங்கோ இருந்த பிரதிகளைச் சேர்த்து 2022இல் கணினியில் திரும்பக் கட்டி எழுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். எரிந்ததைத் திரும்ப எழுதலாம். எழுதவே படாததை என்ன செய்வது? காலியாக விட்ட அந்த இடம்தான் நம் ஆவணம். காலியாக இருக்கிறது என்பதையாவது நாம் எழுதி வைக்க வேண்டும்.

காலியாக விட்டது சாமியார் மட்டுமில்லை. நம் அரசியல் சட்டத்தின் 366ஆவது பிரிவு ஆங்கிலோ இந்தியர் யார் என்று சொல்கிறது. தகப்பன், அல்லது தகப்பன் வழியில் ஆண் முன்னோர் எவராவது ஐரோப்பிய வம்சமாக இருக்க வேண்டும். ஆண் வழி. பாட்டி எங்கே போனாள்? 1947க்குப் பிறகும், சட்டத்துக்குள்ளேயும் அவள் வெளியேதான் நிற்கிறாள். அந்தச் சமூகத்துக்கென்று சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் இருந்த நியமன இடங்கள் 2020இல் முடிந்துபோயின. ஆனால் அந்த இலக்கணம் அப்படியே இருக்கிறது.

16ஆவது நாள் காலையில் ஆன்ட்டி கீழே இருந்து கூப்பிட்டார். போனேன். மேசையில் அவர்கள் வீட்டுப் பழைய பைபிள். அதன் முதல் பக்கத்தில் பிறப்பு, இறப்பு எழுதி வைப்பார்கள்.

“அந்த ஐரிஷ் லேடி பேரை நானே வாசிச்சேன், லத்தீன்ல. யார் வீட்டுப் பொண்ணுன்னும் வாசிச்சேன். இவளுக்கு வாசிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. இத்தனை நாளா அதான் கேர்ள்.” கொஞ்ச நேரம் கழித்து, “எங்க கிராண்ட்மா சாகறப்போ தமிழ்லதான் பேசினாங்க. நாங்க யாரும் வெளியில சொன்னதில்ல” என்றார்.

பேனாவை என் கையில் கொடுத்தார். தாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது.

“நீயே எழுது, தமிழ்ல. இங்கிலீஷ்ல எழுதினா மறுபடியும் பாண்டிச்சேரின்னு வாசிச்சிருவாங்க.”

எழுதினேன். கை நடுங்கியது. 1853, பரங்கிமலை, பறச்சேரி. பெயர் என்ற இடத்தில் ஞானஸ்நானப் பெயரை எழுதிவிட்டு, அதற்கு முன்னால் அவள் தாய் தகப்பன் கூப்பிட்ட பெயருக்காக ஒரு விரல் அகலம் இடம் விட்டேன். ஆன்ட்டி அதைப் பார்த்தார், ஏன் என்று கேட்கவில்லை.

கண்ணாடி போட்ட தாள் இன்னும் ஹாலில்தான் தொங்குகிறது. அண்ணன் ஞாபகம், அதை எடுக்க மனசு வரல என்கிறார். பைபிள் பக்கத்தைப் படம் எடுத்து மெல்பர்னுக்கு அனுப்பினோம். மகனிடமிருந்து பதில் இன்னும் வரவில்லை. தேடுவதை நானும் நிறுத்தியிருக்கிறேன், 13ஆவது வீட்டை.

அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அயர்லாந்து, பஞ்சம், அகராதி எல்லாம். முழுசும் கேட்டுக்கொண்டாளோ இல்லையோ, கடைசியில் சொன்னாள்: “நா அன்னிக்கே சொன்னனா இல்லியா? அந்தம்மாவ ஒரு நாளிக்கி ஊட்டுக்குக் கூட்டினு வா. வாரான்னா வரட்டும்.”

ஆன்ட்டியிடம் இன்னும் கேட்கவில்லை. மதுராந்தகம் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அவருக்கு முழங்கால் வலி வேறு. இந்த மாதக் கடைசியில் கேட்கலாம் என்றிருக்கிறேன்.